மேஜையைத் துளைத்த குளவி

அந்த ஆய்வுக்கூடத்துக்குள் போவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. குளவிகள் வளரும் உள்ளறையிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது இருட்டறை. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. பின்னால் இருக்கும் கதவு முழுக்கச் சாத்தினால்தான் முன்னால் இருக்கும் கதவு திறக்கும். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சப் பெட்டி, அதன் முகப்பில் பசை. ஆள்மேல் ஏதாவது பூச்சி தொற்றிக்கொண்டு வந்திருந்தால் அது வெளிச்சத்தை நாடிப் போய்ப் பசையில் மாட்டிக்கொள்ளும். மணி அடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அங்கே நின்றால் ஞானம் வரும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இதுவரை முதுகுவலிதான் வந்திருக்கிறது.

இருட்டறையைத் தாண்டினால் சீப்பறை. அங்கே ஒரு மூத்த உதவியாளர் வெள்ளைத் துணி விரித்துக் காத்திருப்பார். வெளியே போகிற ஒவ்வொருவர் தலையையும் பேன் சீப்பால் வாரி, துணியில் எதுவும் விழவில்லை என்று பார்த்த பிறகே விடுவார். ஆகவே அவர் பெயர் சீப்பு அண்ணன். இயக்குநருக்கு மண்டை வழுக்கை. அவர் வந்தாலும் சீப்பு அண்ணன் சளைக்காமல் ஒரு வாரு வாரித்தான் அனுப்புவார். விதி என்றால் விதி.

இந்தக் கதவுகளுக்கு உள்ளேதான் அவள் வேலை. கதவுப் பலகையில் ஆய்வாளர் என்று எழுதியிருந்தாலும் எல்லோரும் கூப்பிடுவது குளவியம்மா என்றுதான். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

வெளியே மலைச்சரிவில் பைன் மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ சாமான் பெட்டிகளின் பலகைக்குள் ஒளிந்து கப்பலேறி வந்த ஒரு வண்டுதான் காரணம். துளைப்பான் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வண்டு மட்டும் என்றால் மரம் தாங்கியிருக்கும். ஆனால் அது தன்மேல் ஒரு பூஞ்சையையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. புழு பட்டைக்கு அடியில் குடைந்து போகும் வழியெல்லாம் பூஞ்சை பரவி, மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் மரம் மழையில் நனைந்துகொண்டே தாகத்தில் சாகும். மருந்து அடித்தால் பட்டைக்குள் இறங்குவதில்லை. பட்டைமேல் காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்கும். கேட்கிற நிலைக்கு வந்துவிட்டால் அந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லை.

துளைப்பானுக்கு அதன் சொந்த மண்ணில் ஒரு எமன் உண்டு. மெலிந்த உடம்பு, அந்த உடம்பைவிட நீளமான ஊசி. மரத்தின்மேல் நடந்து நடந்து, அடியில் புழு நெளிகிற இடத்தைக் காலாலேயே உணர்ந்து, ஊசியை மரத்துக்குள் இறக்கிப் புழுவின்மேல் முட்டை வைக்கும் குளவி அது. முட்டை பொரிந்தால் புழு காலி. அந்தக் குளவியைத்தான் அவள் உள்ளறையில் வளர்த்தாள். வெளியே விடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நிரூபிக்க வேண்டும். துளைப்பானைத் தவிர வேறு எதையும் அது தொடாது என்று.

வேறு எது என்றால், முக்கியமாகச் சாது. அது ஆய்வுக்கூடத்தில் வைத்த செல்லப்பெயர். செத்த மரத்தை மட்டும் தின்று மண்ணாக்குகிற உள்ளூர் வண்டு. யார் வம்புக்கும் போகாது. அது இல்லாவிட்டால் காடு முழுக்கக் கட்டை மலையாகக் குவியும், மரங்கொத்திகள் பட்டினி கிடக்கும்.

சோதனை கூண்டுக்குள் நடந்தது. அதில்தான் சிக்கல். சின்னக் கூண்டில், வேறு போக்கிடம் இல்லாமல், சாதுவின் புழு இருக்கும் கட்டையோடு குளவியை அடைத்தால், அது செய்வதெல்லாம் அதன் குணமா, அடைபட்டதன் கொடுமையா என்று யாரால் சொல்ல முடியும்? திறந்த வெளியில், உயிருள்ள மரத்தை முழுசாக மூடுகிற மாதிரி பெரிய வலைக்கூண்டு கட்டி, இரண்டு வண்டுகளையும் கொடுத்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆராய்ச்சிக்கு என்ன தேவை என்று அனுமதி கொடுக்கிற குழு ஒவ்வொரு வருஷமும் கேட்கும். அவளும் ஒவ்வொரு வருஷமும் பெரிய கூண்டு என்று சொல்வாள். ஆபத்து இல்லை என்று நிரூபித்தால் வெளியே கூண்டு கட்ட அனுமதிக்கிறோம் என்பார்கள் அவர்கள். கூண்டு கட்டினால்தானே நிரூபிக்க முடியும் என்பாள் இவள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். நடுவில் காடு நிற்கவில்லை, செத்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தில் உட்கார்ந்தது. நோய் மேலே ஏறாமலிருக்க மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு அகலமான வளையத்தில், நல்ல மரம் கெட்ட மரம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று மேலிடம் யோசித்தது. வெட்டு வளையத்துக்குள்தான் அவள் குடியிருந்த வனக் குடியிருப்பு. எந்த மரத்தை வெட்டுவது என்று சாயக்கோடு போட வேண்டியவர் அந்தப் பகுதி வனவர். வனவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

மறுநாள் குழு கூடுகிறது. சாதுவைக் குளவி தொடவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் குளவியை விட அனுமதி கிடைக்கும், வெட்டு நின்றுவிடும். இந்தக் கணக்கு வீட்டிலும் தெரியும். காலையில் கிளம்பும்போது வனவர் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "உன் குளவிதான் இனி எனக்கு மேலதிகாரி. நல்ல புத்தி சொல்லி வை," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

கடைசிக் கூண்டு மதியத்துக்கு மேல் திறக்க வேண்டியது. மற்ற கூண்டுகளில் எல்லாம் குளவிகள் சாதுவின் கட்டைமேல் நடந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தன. அவளுக்கு உள்ளூரக் குதூகலம். கடைசிக் கூண்டில் கட்டையின்மேல் ஒரு குளவி வாலைத் தூக்கி நின்றது. ஊசி மரத்துக்குள் இறங்கியிருந்தது.

அவள் அதைக் கையுறை விரலால் தட்டிவிட்டு, கட்டையை எடுத்துக் கத்தியால் பிளந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். சாதுவின் கொழுத்த வெள்ளைப் புழு மேல் பளபளவென்று ஒரு முட்டை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

உள்ளறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது விஷயம். சீப்பு அண்ணனுக்கு முடியைத்தான் பார்க்கத் தெரியும், மூளைக்குள் பார்க்கத் தெரியாது. இப்படி நினைத்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது. அவசர அவசரமாகக் கூண்டுகளில் கையை நுழைக்கிற துணிக் குழல்களைக் கட்டிவிட்டு, இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலில் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். அன்றைக்கு அவள் போடவில்லை. வெட்டு உத்தரவு பற்றித் தெரிந்ததும் செய்தி அனுப்புவதாக வனவர் சொல்லியிருந்தார், அதனால் மேலங்கிக்கு அடியில் உள்பையில் ஒளித்து வைத்திருந்தாள். கறுப்பு இருட்டில் நிற்கும்போது அது நெஞ்சுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது. மணி அடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். மனுஷ மனசு, பொறுக்கவில்லை. எடுத்துப் பார்த்தாள்.

'உத்தரவு கையெழுத்தாயிடுச்சு. நாளைக்கு உங்க குழு முடிவைப் பாத்துட்டுத் தொடங்கச் சொல்றாங்க. உன் பக்கம் என்ன?'

பதில் அடிக்கக் கை வரவில்லை. அந்த வரிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறை முழுக்க இருட்டு, மூலையில் மங்கலான பசைப் பெட்டி, அவள் முகத்துக்கு முன்னால் பளீரென்று கைபேசி. மணி அடித்தது. கைபேசியின் மடிப்பு உறையை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டாள். சீப்பு அண்ணன் வாரினார், துணியில் எதுவும் விழவில்லை.

"என்ன குளவியம்மா, முகம் செத்துப் போச்சு? சோதனை எப்படி?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணே."

"நல்லதே நடக்கும். போய் ஒரு டீயைக் குடிச்சிட்டுப் படு."

வனவர் ஜீப்போடு வந்திருந்தார். மலை ஏறும் வழியில் இரண்டு பக்கமும் சில மரங்கள் பச்சை, சில செம்பட்டை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் இரண்டு டீ கோப்பைகளை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துதான் வாயைத் திறந்தார்.

"தொட்டுச்சா?"

"ஒரு கூண்டுல."

அவர் டீயை உறிஞ்சினார். "எத்தனையோ கூண்டு வெச்ச. ஒண்ணே ஒண்ணுலதானே?"

"ஒண்ணுல தொட்டா தொட்டதுதாங்க."

"அடைச்சு வெச்சா எதுதான் எதைத்தான் செய்யாது? நீயேதானே சொல்லுவ?"

"சொல்லுவேன். ஆனா அடைச்சு வெச்சதாலதான் தொட்டுச்சுன்னு காட்ட எங்கிட்ட எதுவும் இல்ல. வெளிய விட்டா சாதுவையும் சேத்துத் தீத்துட்டா? ஒரு தடவை விட்டா திரும்பக் கூண்டுல அடைக்க முடியுமா?"

"சாதுவைப் பத்திக் கவலைப்பட ஆள் இருக்கு. என் மரத்தைப் பத்திக் கவலைப்பட ஆள் இல்ல." குரல் உயரவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "நல்லா இருக்கற மரத்து மேல நான் எப்படிம்மா கோடு போடுவேன்? அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

இருதலைக் கொள்ளி எறும்புக்கு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்து, உறையைத் திறந்தாள்.

உறையின் மடிப்பிலிருந்து குளவி நடந்து வந்தது.

மெல்லிய காலால் கண்ணாடித் திரையைத் தாண்டி மேஜைப் பலகையில் இறங்கியது. பின்னால் நீளமான ஊசி இழுபட்டுக்கொண்டு வந்தது. ஒரு கணம் இரண்டு பேரும் பார்த்தபடியே இருந்தார்கள். பிறகு அவள் கை தானாகப் போய்த் தண்ணீர்க் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் மூடியது.

"ஐயோ," என்றாள். "இருட்டறையில போனைப் பாத்தேன். வெளிச்சத்துக்கு வந்துடுச்சு."

"எதுக்கு? நான் அனுப்பினதைப் பாக்கவா?"

அவள் தலையசைத்தாள். வனவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். டம்ளரைக் குனிந்து பார்த்தார். நேராக ஜன்னலுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்தார். பைன் வாசம் அறைக்குள் வந்தது.

"இது பொண்ணுதானே?"

"ஆமா."

"ஒண்ணு போதுமா?"

"ஜோடி சேந்தது. போதும்னுதான் நினைக்கிறேன்." சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"நீ விடல. நானும் கொண்டு வரல. அதுவா வந்துச்சு. டம்ளர் தட்டி விழுந்துச்சுன்னா யாரு என்ன கேக்கப்போறாங்க? குழுவுக்கு நீ உண்மையையே சொல்லிக்கோ. தொட்டுச்சுன்னே சொல்லு. இது பாட்டுக்கு இது போகட்டும்."

அவளுக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. பொய் பேச வேண்டாம், கட்டையைக் குப்பையில் போட வேண்டாம், கையை டம்ளரிலிருந்து எடுத்தால் போதும். இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் கதவாகச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவளுக்கு எதிரே ஒரு ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது.

"பூச்சி வெளிய வந்தா உடனே ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லணும்," என்றாள். "சீப்பு அண்ணனுக்கு போன் பண்ணிட்டு வரேன்."

அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் வெளிக்கேட்டு வரை போக வேண்டும். கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் திறந்திருந்தது அவளுக்குத் தெரியும். டம்ளருக்குப் பக்கத்தில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் தெரியும். தெரிந்துதான் போனாள். முடிவைத் தன் தலையிலிருந்து இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறோமே என்று வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

சீப்பு அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஒண்ணு வெளிய வந்துடுச்சு அண்ணே. என் தப்புதான். போன் உறையில உக்காந்து வந்திருக்கு."

"உயிரோட இருக்கா?"

"தெரியல."

"தெரியலன்னா? உன் கண்ணு முன்னாடிதானே இருக்கும்?"

"என் கண்ணு முன்னாடி இல்லண்ணே."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் மேல சொல்லித்தான் ஆகணும். விசாரணை முடியற வரைக்கும் உன்னை உள்ளறைக்கு விட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"குளவிங்களை யாரு பாத்துப்பாங்க?"

அவள் வெளிக்கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இருந்தபோது வெளியே வர முடியவில்லை, இப்போது வெளியே நிற்கிறவளை உள்ளே விட மாட்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் கதவு சாத்தித்தான் இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஜன்னல் திறந்தபடியே இருந்தது. வனவர் மேஜைமேல் ஏறக்குறைய கவிழ்ந்து கிடந்தார். ஒரு உள்ளங்கை டம்ளரின் அடியை அழுத்திக்கொண்டிருந்தது. மறு கையின் சுண்டுவிரல் டம்ளர் விளிம்புக்குக் கீழே செருகியிருந்தது.

"சீக்கிரம் ஏதாவது அட்டை கொண்டாம்மா," என்றார். "பலகை இந்த இடத்துல வளைஞ்சிருக்கு. டம்ளர் சரியா உக்காரல, சந்து இருக்கு. அது வழியா வெளிய வரப் பாத்துச்சு. விரலை வெச்சு அடைச்சிருக்கேன்."

அவள் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். "விடப்போறேன்னீங்களே?"

"விடத்தான் போனேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ அந்தப் பக்கம் போனதும் இது பலகையில ஊசியை இறக்கிக் குத்த ஆரம்பிச்சுச்சு. இங்க குத்தும், எடுக்கும், அங்க குத்தும். உள்ள என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. வெறும் பலகை. அப்புறம் விரலை வெச்சேனா, இப்ப என் விரலைக் குத்திக்கிட்டு இருக்கு. என்னையும் மரம்னு நினைச்சிருச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். குளவி வாலைத் தூக்கி, சுண்டுவிரல் நகத்துக்கு மேலே ஊசியை ஊன்றி நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை.

"இது என்ன செய்யுதுன்னு இதுக்கே தெரியாது," என்றார். "இதை வெளிய விட்டுட்டு, எங்க போய் எதைக் குத்துதுன்னு நான் எங்கன்னு போய்ப் பாப்பேன்? என் காடு தப்பிச்சு, வேற யாரு காடோ போச்சுன்னா?"

அவள் தடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அவர் விரல் விலக விலகச் சந்துக்குள் செருகினாள். டம்ளரையும் அட்டையையும் சேர்த்துத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்து மூடினாள். குளிரில் பூச்சி துடிக்காமல் உறங்கிப் போகும். அவள் எப்போதும் செய்கிற முறைதான். வனவர் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"நாளைக்கு என்ன சொல்லுவ?"

"உள்ளறைக்குள்ள விட மாட்டாங்க, குழுவுல பேச விடுவாங்க. ஒரு கூண்டுல தொட்டுச்சுன்னு சொல்லுவேன். குணத்தால தொட்டுச்சா, அடைச்சு வெச்சதால தொட்டுச்சான்னு தெரியாதுன்னு சொல்லுவேன். தெரியணும்னா பெரிய கூண்டு வேணும்னு சொல்லுவேன்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்ச?"

"ஆமாங்க."

அவர் சிரித்தார். மனசார வந்த சிரிப்பு அல்ல, ஆனால் சிரிப்புதான். விரலில் ஊசி முனை அளவு ரத்தம் துளிர்த்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பின்கட்டிலிருந்து சாய டின்னையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"இப்பவேவா? குழு முடிவு நாளைக்குத்தானே?"

"முடிவு என்னன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சே. வீட்டு வாசல் மரத்துலேருந்து ஆரம்பிக்கிறேன். அதைக் கடைசியா வெச்சா எனக்குக் கை வராது."

அவள் டின்னை வாங்கிக்கொண்டு கூடவே போனாள். வாசல் மரம் நேராக, பச்சையாக, வீட்டுக் கூரையைத் தாண்டி நின்றது. அவர் பிரஷ்ஷை எடுப்பதற்குள் அவள் பட்டைமேல் கன்னத்தைப் பதித்துக் காதை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். கடிக்கிற சத்தம் எதுவும் இல்லை.

"இதுல இல்லைங்க," என்றாள். "இது நல்ல மரம்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு வனவர் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தார்.